படம் தேடும் குட்டி ஆப்: படத்தை யாரிடம் வாங்குவது?

அக்கா அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாராவாரம் பயிற்சித்தாள் தயாரிப்பாள். வரகு, தினை, அம்மி, உரல், ஏற்றம் என்று பாடத்தில் வருகிற ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். கூகுளில் தேடி, கிடைத்ததை வெட்டி ஒட்டி, குறுக்கே யாரோ ஒருவர் பெயர் வாட்டர்மார்க்காக ஓடுகிற தாளைத்தான் இதுவரை பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் என்னிடம் சொன்னாள்: "தமிழ்ல அடிச்சா படம் வரணும். பிரிண்ட் எடுத்தா தெளிவா இருக்கணும். நாளைக்கு யாரும் வந்து 'இது என் படம்'னு சண்டைக்கு நிக்கக் கூடாது. இப்படி ஒண்ணு செஞ்சு குடேன்டா."

சனி ஞாயிறில் முடிகிற வேலை என்று நினைத்தேன். ஒரு பெட்டி, ஒரு பொத்தான், கீழே படங்கள் கட்டம் கட்டமாக. ஜாவாஸ்கிரிப்ட் பழகுகிற எல்லாரும் எப்போதாவது செய்து பார்க்கிற ஆப்தான் இது. உண்மையில் பெட்டியும் பொத்தானும் அரை நாளில் முடிந்துவிட்டன. ஒரு வாரத்தைத் தின்றது வேறு கேள்வி: படங்களை எந்தத் தளத்தின் ஏபிஐயிலிருந்து, அதாவது ஒரு நிரல் இன்னொரு தளத்திடம் தகவல் கேட்டு வாங்கும் வாசலிலிருந்து, எடுப்பது? பாடம் நடத்துகிற வீடியோக்கள் பெரும்பாலும் அன்ஸ்பிளாஷ் என்ற படத் தளத்தின் சாவியை (ஏபிஐயைத் திறக்கும் ரகசிய எழுத்துத் தொடர்) ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. ஏன் அது, ஏன் மற்றது இல்லை என்று யாரும் நின்று பேசுவதில்லை. ஆனால் அந்த ஒரு தேர்வுதான் சர்வர் வேண்டுமா வேண்டாமா, தமிழ்ச் சொல் வேலை செய்யுமா, எடுத்த படத்தை அச்சடிக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறது.

முதலில் தள்ளிவைத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் தன் பழைய படத்தேடல் ஏபிஐயைக் கைவிடுவதாக 2011இலேயே அறிவித்துவிட்டது. பிங்கின் தேடல் ஏபிஐகள் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டன. கூகுளின் கஸ்டம் சர்ச் ஏபிஐயில் நாளுக்கு 100 தேடல் இலவசமாக இருந்தது, அதற்கு மேல் காசு; இப்போது புதியவர்களை அதில் சேர்ப்பதில்லை. எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய சிக்கல், தேடுபொறி படத்தைக் கொடுப்பதில்லை, படம் இருக்கிற இடத்தைத்தான் காட்டுகிறது. அது யாருடையது, அச்சடிக்கலாமா என்பதற்கு அங்கே உறுதியான பதில் கிடைக்காது. அக்காவின் மூன்றாவது நிபந்தனையிலேயே இது அடிபட்டுப் போயிற்று.

அடுத்து வருவன இலவசமாகப் படம் தருகிற மூன்று அழகான கடைகள்: அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சாபே. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். அன்ஸ்பிளாஷ் 2013இல் கனடாவின் மாண்ட்ரியாலில் தொடங்கியது, 2021இல் கெட்டி இமேஜஸ் அதை வாங்கியது. மற்ற இரண்டையும் 2019இல் கேன்வா வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் அன்ஸ்பிளாஷும் பிக்சாபேயும் தங்கள் படங்களை சிசி0 என்ற முழு விடுதலையின் கீழ் தந்தன. அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்சாபே 2019இலும் தத்தம் சொந்த உரிமங்களுக்கு மாறின. இன்றும் இலவசம்தான், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அது அவர்கள் வகுத்த சட்டத்தின்படி. நேற்று மாற்றியவர்கள் நாளையும் மாற்றலாம் என்பதை மனதின் ஓரத்தில் வைத்துக்கொண்டுதான் இவற்றோடு பழக வேண்டும்.

ஏபிஐ விதிகளை அருகருகே வைத்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. படத்தை எங்கள் சர்வரிலிருந்தே நேராகக் காட்டு, நகலெடுத்து உன் சர்வரில் வைத்துக் காட்டாதே என்கிறது அன்ஸ்பிளாஷ். எங்கள் முகவரியை உன் ஆப்பில் நிரந்தரமாக ஒட்டிவைக்காதே, பயன்படுத்துவதானால் உன் சர்வருக்கு இறக்கிக்கொள் என்கிறது பிக்சாபே. அதாவது ஒன்றுக்காக எழுதிய நிரலை அப்படியே மற்றதற்கு மாற்றினால் விதிமீறல். மூன்றையும் ஒரே கட்டத்தில் கலந்து காட்டலாம் என்று நான் போட்ட முதல் திட்டம் இந்த இடத்தில் செத்தது.

அன்ஸ்பிளாஷில் இன்னும் சில கட்டளைகள் உண்டு. படம் எடுத்தவர் பெயரும் அன்ஸ்பிளாஷ் பெயரும் இணைப்போடு இருக்க வேண்டும். யாராவது படத்தை இறக்கினால் அதற்கென உள்ள தனி முகவரிக்கு ஒரு தகவல் அனுப்ப வேண்டும். எடுத்தவருக்குத் தன் படம் எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கு போய்ச் சேர்வதற்காக இது. நியாயமான ஏற்பாடு, எனக்குப் பிடித்துமிருந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு மணிக்கு 50 கோரிக்கை. அவர்கள் ஆப்பைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் கூடும். பெக்சல்ஸ் தொடக்கத்திலேயே மணிக்கு 200, மாதத்துக்கு 20,000 தருகிறது. பிக்சாபே நிமிடத்துக்கு 100 தருகிறது, கூடவே ஒரே தேடலை 24 மணி நேரம் சேமித்துவைத்துப் பயன்படுத்து என்ற நிபந்தனையும் வைக்கிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதென்றால் பிக்சாபே ஜெயித்துவிடும்.

ஆனால் அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ் இரண்டின் விதிகளிலும் எங்கோ நடுவில் ஒரு வரி இருக்கிறது: எங்கள் தளத்தின் அடிப்படை வேலையையே திரும்பச் செய்கிற ஆப்பைக் கட்டாதே. வால்பேப்பர் ஆப்பை இரண்டுமே எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. வெறும் படம் தேடும் ஆப் என்பது வேறென்ன? அவர்களுடைய முகப்புப் பக்கத்தின் ஏழை உறவினர்தானே! பழகுவதற்காக நம் கணினியில் கட்டினால் யாரும் கேட்கப் போவதில்லை. அதையே நாலு பேருக்குத் திறந்துவிட்டு, ஒப்புதலுக்கும் விண்ணப்பித்தால் என்ன பதில் வரும் என்பதை அந்த வரியே சொல்கிறது. பயிற்சித்தாள் தயாரிக்கும் கருவி, அதற்குள் படத்தேடல் ஒரு பகுதி என்று கட்டினால் நிலைமை வேறு. இந்த வேறுபாட்டைப் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் தமிழ். பெக்சல்ஸ் தேடலில் மொழியைக் குறிப்பிடலாம். பட்டியலில் தாய், வியட்நாமியம், இந்தோனேசியம், ஹங்கேரியம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. இந்திகூட இல்லை. பிக்சாபேயிலும் இதே கதை. ஆங்கிலத்தில் மாற்றித் தேடலாமே என்றால், 'ரைஸ்' என்று கேட்டால் அழகான கிண்ணத்தில் சோறு வரும். அக்காவுக்கு வேண்டியது நெற்கதிர். உரலும் அம்மியும் கேட்டால் பளிங்கில் செய்த குட்டி இடிகல் சமையலறை வெளிச்சத்தில் மின்னும். படம் குறைசொல்ல முடியாதபடி இருக்கும், ஆனால் பிள்ளைகள் வீட்டில் பார்த்த பொருளாக இருக்காது.

இந்த இடத்தில்தான் விக்கிமீடியா காமன்ஸ் பக்கம் திரும்பினேன், விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேர்த்துவைக்கப்படும் பொதுக் கிடங்கு அது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், பார்வைக்கு இது அழகான கடை இல்லை, பழைய சாமான் கிடங்கு. 2004 செப்டம்பரில் தொடங்கியது, இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள். மங்கலான போன் படமும் உண்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான படமும் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பொருள்களுக்கு இதுதான் இடம். தமிழ் விக்கிப்பீடியர்கள் பல ஆண்டுகளாக ஏற்றியவை இருக்கின்றன. 2011-12இல் தமிழ் விக்கி ஊடகப் போட்டி என்றே ஒன்று நடந்து, தமிழர் வாழ்வு சார்ந்த படங்கள் ஏராளமாக உள்ளே வந்தன.

ஏபிஐக்குச் சாவி கிடையாது. கோரிக்கையில் ஆரிஜின் என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டால் பிரவுசரிலிருந்தே நேராகக் கேட்கலாம், ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்திடம் தகவல் கேட்பதைப் பிரவுசர் மறிக்கிற கோர்ஸ் தடை குறுக்கே வராது. பெயர்வெளி (விக்கியில் பக்கங்களைப் பிரித்துவைக்கும் பிரிவு) 6 என்று குறிப்பிட வேண்டும், கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. எந்த அகலத்தில் சிறுபடம் வேண்டும் என்பதையும் அதே கோரிக்கையில் சொல்லிவிடலாம். தங்களை யார் கேட்கிறார்கள் என்று தெரியும்படி ஆப்பின் பெயரைக் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) அனுப்பச் சொல்கிறார்கள். அது மரியாதை, செய்துவிட வேண்டும்.

அப்படியே தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் மட்டும் ஏமாற்றம்தான். கோப்பின் பெயரும் விளக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் பொருந்துகிறவற்றில் பாதி, விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்காக ஏற்றப்பட்ட பழைய நூல்களின் பிடிஎஃப்களாக வந்து நிற்கும். யானையைத் தேடினால் யானையைப் பற்றிய புத்தகம்! கோப்புவகை பிட்மேப் (புள்ளிகளால் ஆன படம்) மட்டும் என்ற வடிகட்டியைத் தேடலிலேயே சேர்த்தால் பிடிஎஃப் தொல்லை தீரும். மொழித் தொல்லை தீர, விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கித்தரவு என்ற தரவுக் களஞ்சியம் வேண்டும்.

விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பூனைக்கு கியூ146, யானைக்கு கியூ7378. அந்த எண்ணின் கீழ் பல மொழிப் பெயர்கள் தொங்கும், தமிழும் அதில் ஒன்று. 'யானை' என்று தமிழில் கேட்டால் எண் கிடைக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு காமன்ஸிடம் "இதைச் சித்திரிக்கிற படங்களைக் கொடு" என்று கேட்கலாம். சித்திரிக்கிறது என்பதற்கு விக்கித்தரவு வைத்திருக்கும் பண்பின் (தகவல் வகையின்) எண் பி180. இரண்டு கோரிக்கை, இரண்டும் இலவசம், மொழிபெயர்ப்பு எந்திரம் எதுவும் வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, இது நம்மைத் திருப்பிக் கேட்கும் என்பது. 'மாலை' என்று அடித்தால் பொழுதா, பூமாலையா? 'ஆறு' என்றால் எண்ணா, நதியா? மொழிபெயர்ப்பு எந்திரம் ஒன்றைத் தானே முடிவுசெய்து கொண்டு போய்விடும், என்ன செய்தது என்றும் சொல்லாது. விக்கித்தரவு பொருந்துகிற எல்லாவற்றையும் பட்டியலாகத் தரும், பலவற்றுக்குச் சிறு விளக்கமும் இருக்கும். அவற்றைப் பெட்டிக்குக் கீழே சின்னச் சின்னப் பொத்தான்களாகக் காட்டிவிட்டேன். அக்கா ஒன்றைத் தொட்டால் படம் வரும்.

ஓட்டையும் உண்டு. பி180 குறிப்பு எல்லாப் படத்திலும் யாரும் போட்டுவைப்பதில்லை. போட்டிருந்தாலும் தேடல் அந்த எண்ணை மட்டும் அப்படியே பொருத்தும். ஆசிய யானை என்று குறித்த படம், யானை என்று கேட்டால் வராது. அதனால் அடுத்த படியும் வைக்க வேண்டியிருந்தது: போதுமான படம் வரவில்லையென்றால், அதே எண்ணின் கீழ் இருக்கும் காமன்ஸ் பகுப்பின் பெயரை எடுத்து, அந்தப் பகுப்புக்குள் தேடு. அதற்கான பண்பு பி373. வரகு மாதிரித் தானியங்களுக்கு இந்த வழிதான் கைகொடுத்தது. செடிகொடிகளின் பகுப்புகள் அறிவியல் பெயரில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். ஆங்கிலச் சொல்லைத் தேடுவதைவிட இது எத்தனையோ மேல்.

உரிமத்துக்கு வருவோம். காமன்ஸில் வணிகப் பயன்பாட்டையும் திருத்தத்தையும் அனுமதிக்கிற கட்டற்ற படங்களுக்கு மட்டுமே இடம். ஆனால் கோப்புக்குக் கோப்பு உரிமம் மாறும்: ஒன்று யாருடைய பதிப்புரிமையும் இல்லாத பொதுவெளி, ஒன்று எடுத்தவர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் சிசி பை, இன்னொன்று அதோடு அதே உரிமத்தில் பகிரவும் சொல்லும் சிசி பை-எஸ்ஏ 4.0. எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் ஏபிஐயே தருகிறது. அதை ஒவ்வொரு படத்துக்கும் கீழே சிறிய எழுத்தில் அச்சாகும்படி செய்துவிட்டால் கடமை முடிந்தது. பை-எஸ்ஏ படத்தைத் திருத்தி வெளியிட்டால் திருத்தியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும் என்பதை மட்டும் அக்காவுக்குச் சொல்லிவைத்தேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எடுத்தவர் பெயர் வெறும் எழுத்தாக வராது, எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) துண்டாக வரும். அதை அப்படியே பக்கத்தில் கொட்டாதீர்கள். குறிகளை உரித்துவிட்டு எழுத்தை மட்டும் போடுங்கள்.

அச்சுத் தெளிவும் இங்கே பிரச்சினையாகவில்லை. ஒப்பிட்டுச் சொன்னால், பிக்சாபே எல்லாருக்கும் தருகிற நடுத்தரப் படம் 640 பிக்சல் அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் அது ஐந்தரை செமீகூட வராது. 1280 பிக்சல் படத்தை எடுத்தால் சுமார் 11 செமீ, பயிற்சித்தாளுக்குத் தாராளம். அசல் அளவு வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். காமன்ஸில் ஏற்றியவர் ஏற்றிய அசல் அப்படியே கிடைக்கும்.

படம் பகிரும் தளமான ஃபிளிக்கரையும், கட்டற்ற படங்களைத் தேடும் ஓபன்வெர்ஸையும் விட்டுவிட்டேன் என்று யாராவது கோபிக்கக்கூடும். ஃபிளிக்கரும் 2004இல் வந்ததுதான். யாகூவிடம் போய், 2018இல் ஸ்மக்மக் என்ற படத்தள நிறுவனத்தின் கைக்கு வந்தது. மணிக்கு 3,600 கோரிக்கை, உரிமத்தை வைத்து வடிகட்டும் வசதி எல்லாம் உண்டு. உரிமத்தை வடிகட்ட மறந்தால் 'எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' படங்கள் நடுவில் வந்து உட்காரும், அந்த ஆபத்தை நான் விரும்பவில்லை. ஓபன்வெர்ஸ், சிசி உரிமங்களை வகுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் பழைய தேடல் பக்கம். 2021இல் வேர்ட்பிரஸ் குடைக்குள் வந்தது. ஃபிளிக்கர், காமன்ஸ், அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் ஒரே தேடலில் தருகிறது, பெயர் குறிப்பிடும் வரியைக்கூடத் தயாராக எழுதித் தருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் தேடும் ஆப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுத்திருப்பேன்.

இனி கட்டுமானம். பெக்சல்ஸ், அன்ஸ்பிளாஷ், பிக்சாபே எதை எடுத்தாலும் சாவி உண்டு. சாவியை ஜாவாஸ்கிரிப்டில் வைத்தால், பிரவுசரில் எஃப்12 அழுத்துகிற எந்தப் பையனுக்கும் அது தெரியும். நானே ஒருமுறை சாவியோடு சேர்த்து நிரலை, எல்லாரும் பார்க்கக்கூடிய கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் புதுச் சாவி வாங்கியிருக்கிறேன். எனவே நடுவில் ஒரு சிறு சர்வர் நின்று, சாவியைத் தான் வைத்துக்கொண்டு கேட்டுத் தர வேண்டும். சிறு நிரல்களை இணையத்தில் ஓட்டித் தரும் கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸின் இலவசத் திட்டம் நாளுக்கு 1,00,000 கோரிக்கை தாங்கும், எழுத வேண்டியதும் முப்பது நாற்பது வரிதான். பெரிய வேலை இல்லை. ஆனாலும் பராமரிக்க ஒரு பொருள் கூடிவிட்டது. காமன்ஸ் என்றால் அதுவும் வேண்டாம். மூன்று கோப்புகளை கிட்ஹப் பேஜஸில் (கிட்ஹப் தரும் இணையப் பக்க இடம்) போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பெரிய ஆப்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பான ரியாக்ட் வேண்டுமா? வேண்டாம். ஒரே பக்கம், ஒரே பட்டியல். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்காகக் கட்டுகிறீர்கள் என்றால் தாராளமாக ரியாக்ட் போடுங்கள், அது வேறு கணக்கு.

தமிழ் உள்ளீட்டில் மட்டும் இரண்டு இடத்தில் இடறினேன். எழுத்து விழ விழத் தேடுகிற வசதி பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 'மல்லிகை' என்பது கணினிக்கு ஏழு குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரிக்கை போனால், அன்ஸ்பிளாஷின் மணிக்கு 50 என்ற அளவு ஏழு சொல்லில் காலி. அதுவும் போனில் ஒலிப்புமுறையில் அடிக்கும்போது பாதியில் நிற்கிற எழுத்துகளுக்கெல்லாம் தேடல் போகும். விசைப்பலகை சொல்லைக் கட்டி முடித்ததா என்று பிரவுசர் சொல்லும், அதைக் கேட்டுக் காத்திருக்கலாம். நான் அந்த வம்பே வேண்டாமென்று பொத்தானை அழுத்தினால் மட்டும் தேடும்படி வைத்துவிட்டேன். இரண்டாவது, 'கொய்யா'. அதிலுள்ள 'ொ' ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஏற்கெனவே தேடியதைச் சேமித்துவைக்கிற என் பட்டியலில் கொய்யா இரண்டு முறை இருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தேடுவதற்கு முன், இப்படிப் பிரிந்து நிற்பதை ஒரே குறியாகச் சேர்க்கிற என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது, ஒரே வரி வேலை.

கடைசியில், காமன்ஸ்தான் முதன்மை. பெக்சல்ஸை முழுக்கத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. மழை, கடல், சிரிக்கிற குழந்தை மாதிரி எந்த ஊருக்கும் பொதுவான படங்களில் காமன்ஸால் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. விக்கித்தரவிலிருந்தே ஆங்கிலப் பெயரும் கிடைக்கிறதே, அதை வைத்து 'இன்னும் அழகாக வேண்டும்' என்ற இரண்டாவது பொத்தானில் பெக்சல்ஸை வைக்க நினைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்த ஆப் படம் தேடுவதோடு நிற்காமல், படத்தைத் தாளில் அடுக்கிப் பிரிண்டுக்கு அனுப்பும் கருவியாக மாற வேண்டும். தளத்தின் வேலையையே திரும்பச் செய்யாதே என்ற அந்த வரியை மீறாமல் இருப்பதற்காக.

அக்காவிடம் முதல் வடிவத்தைக் காட்டினேன். ஏற்றம் என்று அடித்தாள், வந்த நாலைந்து படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்துவிட்டு, "இது யாரு?" என்றாள். படம் எடுத்தவர் என்றேன். "அப்ப இந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு. பிள்ளைங்களும் படிக்கட்டும்" என்றாள். எட்டுப் புள்ளியைப் பத்தாக மாற்றியிருக்கிறேன்.